வல்லாரைச் சாற்றைத் தோலுக்குள் இறக்கும் எத்தோசோம்: இலை முதல் ஜெல் வரை முழுமையான வழிகாட்டி

பி.பார்ம்., எம்.பார்ம். திட்ட வேலைக்கோ, சித்த மருத்துவ மேற்படிப்பு ஆய்வுக்கோ முதல் தடவையாக நுண்குமிழி செய்ய உட்காருபவர்களுக்காக இது எழுதப்பட்டது. மூலிகை, திருநெல்வேலிச் சீமையின் வாய்க்கால் கரைகளிலும் வயல் வரப்புகளிலும் படர்ந்து கிடக்கும் வல்லாரை. குமிழி, எத்தோசோம்: லெசித்தின் (சோயா போன்றவற்றிலிருந்து எடுக்கும் கொழுப்பு), எத்தனால், நீர் மூன்றும் சேர்ந்து தாமாகவே உருட்டிக்கொள்ளும் மிக நுண்ணிய கொழுப்புப் பைகள்.

குமிழி செய்வது ஒரு மணி நேர வேலை. அதில் யாரும் பெரிதாகத் தோற்பதில்லை. ஆறு மாதம் உழைத்தபின் “மருந்து தோலைத் தாண்டியதா, தாண்டியது குமிழியாலா” என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம். அதனால் வரிசை இங்கே கொஞ்சம் தலைகீழாக இருக்கும்: அளவை முதலில், குமிழி பிறகு.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்

“வல்லாரைச் சாறு” என்று ஒரு பொருள் கிடையாது. அதில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன. தோலைத் தாண்டியது எவ்வளவு என்று சொல்ல, அவற்றில் ஒன்றைக் குறிப்பொருளாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வல்லாரைக்கு ஏசியாட்டிகோசைடு பொருத்தம். அதன் மூலக்கூறு எடை 959 டால்டன். தோலின் மேலடுக்கைத் தானாகக் கடக்க 500 டால்டனுக்குக் கீழே இருப்பது நல்லது என்பது பொதுக்கணக்கு. போதாததற்கு மூன்று சர்க்கரை அலகுகளும் அதில் தொங்குகின்றன. தோலின் கொழுப்பு அடுக்கு அதைச் சுலபத்தில் உள்ளே விடாது. குமிழி தேவைப்படுவது இதனால்தான்.

அடுத்தது கருவி. ஏசியாட்டிகோசைடுக்குப் புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சும் அமைப்பு இல்லை. யு.வி. ஸ்பெக்ட்ரோமீட்டரில் 210 நானோமீட்டருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு எண் வரும். ஆனால் அது சாற்றிலுள்ள ஃபீனால்கள், லெசித்தின், குமிழிகள் சிதறடித்த ஒளி எல்லாம் சேர்ந்த எண். அதை வைத்து உள்ளடக்க சதவீதம் (போட்டதில் எவ்வளவு குமிழிக்குள் இருக்கிறது என்பது) கணக்கிடுவதுதான் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் பிழை. சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து 205 நானோமீட்டரில் அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி வேண்டும். இல்லையென்றால் அதே பிரிப்பைத் தட்டின் மேல் செய்யும் எச்.பி.டி.எல்.சி.; அந்தத் தட்டில் அனிசால்டிகைடு–கந்தக அமிலம் தெளிக்க வேண்டும். இரண்டுமே கைக்கு எட்டவில்லை என்றால் மூலிகையை மாற்றுங்கள். மஞ்சளின் குர்குமினை எத்தனாலில் கரைத்து 425 நானோமீட்டரில் சாதாரண ஸ்பெக்ட்ரோமீட்டரிலேயே அளக்கலாம். கைபழக அதுவே நல்லது.

இப்போது ஒரு கணக்கு. வீட்டில் காய்ச்சின மாதிரியான முழுச்சாற்றில் ஏசியாட்டிகோசைடு 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாறு 0.5 சதவீதம் சேர்த்த எத்தோசோமின் 1 கிராமில் குறிப்பொருள் 0.2 மில்லிகிராம்தான். அந்த 1 கிராமைத் தோல் மேல் வைத்து, அதில் 5 சதவீதம் தாண்டினால் 10 மைக்ரோகிராம். சோதனைக் கலத்தில் தோலுக்கு அடியில் இருக்கும் திரவம் 12 மி.லி. என்றால், மி.லி.க்கு 1 மைக்ரோகிராம்கூட வராது. 205 நானோமீட்டரில் அது அடித்தள இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். சாறு 20 சதவீதம் வரை செறிவூட்டப்பட்டிருந்தால் அதே கணக்கில் மி.லி.க்கு 4 மைக்ரோகிராம் வரும், அளக்கலாம். இந்த நாலு வரிக் கணக்கை முதல் நாள் போடாதவர்கள் கடைசி மாதம் போடுகிறார்கள்.

2. ஏன் எத்தோசோம்

இதே வேலைக்கு வேறு குமிழிகளும் உண்டு. எத்தனால் இல்லாத கொழுப்புக் குமிழியான லிப்போசோம் மேல்தோலோடு நின்றுவிடும் இயல்புடையது. டிரான்ஸ்ஃபெரோசோம் வளைந்து நெளிந்து போகும். ஆனால் அதற்கு மெல்லிய படலம் உருவாக்க ரோட்டரி எவாப்பரேட்டரும், சோடியம் கோலேட் போன்ற இளக்கியும் வேண்டும். தடவிய இடத்தை மூடிக் கட்டவும் கூடாது. தோலின் வறண்ட மேற்புறத்துக்கும் ஈரமான அடிப்புறத்துக்கும் உள்ள வேறுபாடுதான் அதை இழுத்துச் செல்கிறது. மூடினால் அந்த இழுவை போய்விடும். லெசித்தினுக்குப் பதில் ஸ்பான் 60 போன்ற பொருளால் சுவர் கட்டும் நியோசோம் விலை குறைவு, ஆனால் ஸ்பான் 60 உருக 60 டிகிரிச் சூடு கேட்கும்.

எத்தோசோமில் எத்தனால் இரண்டு வேலை செய்கிறது. தோலின் கொழுப்பு வரிசையை இளக்குகிறது. குமிழியின் சுவரையும் இளக்கி வளையும்படி ஆக்குகிறது. செய்யத் தேவை ஒரு மேக்னடிக் ஸ்டிரர், ஒரு ஊசி. தொடக்கக்காரருக்கு இதுதான் தோது.

3. மேசைக்கு வர வேண்டியவை

லெசித்தின்: இங்கேதான் முதல் சறுக்கல். கேக் கடைகளிலும் உடற்பயிற்சிக் கடைகளிலும் கிடைக்கும் சோயா லெசித்தின் தேன் போலவோ குருணையாகவோ இருக்கும். அதில் குமிழிச் சுவராகும் பாஸ்பாடிடைல்கோலின் கால் பங்குகூட இருக்காது. எத்தனாலில் போட்டால் பாதி கரையும்; மீதி பீக்கரின் அடியில் மண்நிறப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். கரையாத அது பாஸ்பாடிடைல்இனோசிட்டால் முதலிய மற்ற கொழுப்புகள். “நன்றாகக் கலக்கினால் கரையும்” என்று இரண்டு மணி நேரம் சுற்றவிட்டும் பயனில்லை. 90 சதவீதத்துக்கு மேல் பாஸ்பாடிடைல்கோலின் என்று லேபிளில் போட்ட சுத்திகரித்த சோயா லெசித்தினே வாங்குங்கள்.

அதை ஃப்ரீசரில், மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். பாட்டில் அறைச்சூட்டுக்கு வர ஒரு மணி நேரமாவது விடுங்கள். குளிர்ந்த லெசித்தின் மேல் காற்றின் ஈரம் வியர்த்து இறங்கினால், அடுத்த முறை நிறுக்கும்போது நீங்கள் தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறீர்கள். குற்றாலச் சாரல் தென்காசிப் பக்கம் முழுதும் நசநசக்கிற ஆனி, ஆடியில் இது இன்னும் மோசம்.

எத்தனால்: 99 சதவீதத்துக்கு மேல். மெத்தனால் கலந்த டினேச்சர்டு ஸ்பிரிட் எக்காரணம் கொண்டும் கூடாது. தமிழ்நாட்டில் இதை வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். கல்லூரிக்கு அனுமதி இருக்கிறதா, இந்த ஆண்டு அளவு மீதம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

நீர்: தாமிரபரணித் தண்ணீர் அல்வாவுக்கு ருசி. இங்கே அது ஆகாது. குழாய் நீரின் கால்சியமும் மக்னீசியமும் குமிழிகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். வடிநீரில் 10 மில்லிமோலார் பாஸ்பேட் கரைத்து, பி.எச். 6.5 ஆக்கிக்கொள்ளுங்கள். லெசித்தின் நீரால் உடைவது அந்த மதிப்பில்தான் மிகக் குறைவு.

இவை தவிர புரொப்பிலீன் கிளைகால், ஆல்ஃபா டோக்கோஃபெரால் (வைட்டமின் ஈ), 22 கேஜ் ஊசியோடு 50 மி.லி. சிரிஞ்சு, 100 மி.லி. கூம்புக் குடுவை, அலுமினியத் தாள், தெர்மாமீட்டர், மில்லிகிராம் காட்டும் தராசு.

4. இலையிலிருந்து செறிந்த சாறு

சந்தையில் “பிரம்மி” என்று கேட்டால் வல்லாரையும் வரும், நீர்ப்பிரம்மியும் வரும். இரண்டும் வேறு வேறு. நீர்ப்பிரம்மியில் ஏசியாட்டிகோசைடு கிடையாது. அழகுக்கு வளர்க்கும் வட்ட இலைக் கொடிகளையும் சிலர் வல்லாரை என்றே கொடுப்பார்கள். பூவும் வேரும் உள்ள மாதிரி ஒன்றை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளர் ஒருவரிடம் அடையாளச் சான்று வாங்குங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலோ அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலோ கேட்கலாம். களக்காடு–முண்டந்துறைப் பகுதிக்குள் போய்ப் பறிக்க நினைக்காதீர்கள். அது புலிகள் காப்பகம்.

திட்டம் முழுமைக்கும் தேவையான இலையை ஒரே இடத்தில், ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். பருவமும் மண்ணும் மாறினால் குறிப்பொருளின் அளவும் மாறும். ஐப்பசி இலைச் சாற்றையும் மாசி இலைச் சாற்றையும் ஒப்பிட்டால், எது குமிழியின் வேலை, எது மழையின் வேலை என்று பிரிக்க முடியாது. ஈர நிலத்துச் செடி என்பதால் மண் போக மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, நொறுங்கும் பதத்தில் பொடித்து, 40 எண் சல்லடையில் சலியுங்கள்.

100 கிராம் பொடிக்கு 1 லிட்டர் 70 சதவீத எத்தனால். 48 மணி நேரம் ஊறவிட்டு அவ்வப்போது குலுக்கி வடிகட்டுங்கள். ரோட்டரி எவாப்பரேட்டரில் 50 டிகிரியைத் தாண்டாமல் வற்றவிடுங்கள். குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது: வல்லாரையின் கிளைகோசைடுகள் சோப்புத் தண்ணீர் போல நுரைக்கும். எத்தனால் வற்றிக் கடைசி நீர் மிஞ்சும் கட்டத்தில் நுரை பொங்கி கண்டென்சருக்குள் ஏறிவிடும்.

கிடைக்கும் கரும்பச்சைக் களிம்பு 10 கிராமை 100 மி.லி. நீரில் கலக்கி, பிரிபுனலில் 100 மி.லி. ஹெக்சேன் கொண்டு மூன்று முறை கழுவுங்கள். பச்சையமும் மெழுகும் ஹெக்சேனோடு போய்விடும். பச்சையத்தை விட்டுவைத்தால் நிறம் மட்டும் பிரச்சினை இல்லை. அது குமிழிச் சுவருக்குள் போய் உட்கார்ந்து, வெளிச்சம் பட்டதும் ஆக்சிஜனைத் தூண்டி லெசித்தினைக் கெடுக்கும். பிறகு, நீர் கலந்து நிறைவித்த பியூட்டனாலால் மூன்று முறை இழுங்கள். கிளைகோசைடுகள் இதில் வரும். இரண்டு அடுக்கும் பிரிய மறுத்துத் தயிர் போல நின்றால் அவசரப்பட்டுக் குலுக்காதீர்கள். கொஞ்சம் உப்பு போட்டு ஒரு ராத்திரி விடுங்கள்.

பியூட்டனால் 117 டிகிரியில் கொதிப்பது. வெற்றிடத்தில்தான் 60 டிகிரியில் வற்றும். மூக்கருகே கொண்டுபோனால் வாடை தெரிகிறது என்றால் இன்னும் போகவில்லை. நடுவே இரண்டு முறை நீர் ஊற்றி வற்ற வைத்தால் மிச்சமும் அதோடு போகும். எஞ்சிய பியூட்டனால் குமிழிச் சுவரைக் கரைக்கும், தோலையும் தனியாக இளக்கும். இரண்டுமே உங்கள் முடிவைக் கெடுக்கும்.

வந்த பொடியில் ஏசியாட்டிகோசைடு எத்தனை சதவீதம் என்று இப்போதே அளந்து எழுதி வையுங்கள். 20க்குக் கீழே என்றால், முதல் பகுதியின் கணக்கை உங்கள் எண்ணோடு மறுபடி போட்டுப் பாருங்கள்.

5. முதலில் வெற்றுக் குமிழி

சாறு போடாமல் ஒரு தொகுதி. இதைத் தாண்டி நேரே சாற்றுக்குப் போனால், ஏதாவது திரியும்போது குற்றம் லெசித்தின் மேலா, சாற்றின் மேலா, உங்கள் கையின் மேலா என்று தெரியாது. பின்னால் வரும் எல்லா அளவைகளுக்கும் வெற்றுக் குமிழி ஒப்பீடாகவும் தேவைப்படும். முறை அடுத்த பகுதியில் உள்ளதேதான்.

6. சாறு ஏற்றிய எத்தோசோம், 50 கிராம்

லெசித்தின் 1.5 கிராம், எத்தனால் 15 கிராம், புரொப்பிலீன் கிளைகால் 2.5 கிராம், சாற்றுப் பொடி 0.25 கிராம், டோக்கோஃபெரால் 3 மில்லிகிராம், பாஸ்பேட் நீர் 30.75 கிராம்.

எல்லாம் கிராமில் இருப்பதைக் கவனியுங்கள். எத்தனால் 15 கிராம் என்றால் 19 மி.லி. “15 தானே” என்று 15 மி.லி. ஊற்றுகிறவர்கள் உண்மையில் சேர்ப்பது 11.8 கிராம்; 30 சதவீதம் என்று நோட்டில் எழுதியது பாட்டிலில் 25 சதவீதமாக இருக்கும். எத்தோசோமுக்கு 20 முதல் 45 சதவீதம் வரை இடம் உண்டு. 45ஐத் தாண்டினால் சுவர் ஒழுகத் தொடங்கும், பிறகு கரைந்தே போகும்.

அ) காலிக் குடுவையைத் தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டு, லெசித்தினை நேரே அதற்குள் நிறுங்கள். மெழுகுப் பதத்தில் இருப்பதால் பட்டர் பேப்பரில் நிறுத்தால் கால்வாசி அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஆ) எத்தனாலும் டோக்கோஃபெராலும் சேர்த்து, வாயை அலுமினியத் தாளால் மூடி, 30 டிகிரியில் சுற்றவிடுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் தெளிந்த வெளிர்மஞ்சள் திரவம் ஆக வேண்டும். மங்கலாக இருந்தால் மேலே போகாதீர்கள்.

இ) சாற்றைக் கிளைகாலில் குழைத்துச் சேருங்கள். 70 சதவீத எத்தனாலில் இறங்கிய பொருள் தூய எத்தனாலில் முழுதும் கரைய வேண்டும் என்று இல்லை. அடியில் பொடி நின்றால், கணக்கிலுள்ள நீரிலிருந்தே 1 அல்லது 2 மி.லி. எடுத்துச் சேர்த்துப் பாருங்கள். கூடுதல் நீர் ஊற்றக் கூடாது.

ஈ) பாஸ்பேட் நீரையும் தனிப் பாத்திரத்தில் 30 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெளியூர்ப் புத்தகத்தில் “சூடாக்குக” என்றிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை ஆய்வகத்தில் குழாயைத் திறந்தாலே அதைத் தாண்டிய சூட்டில் வரும். வாட்டர் பாத்தில் ஐஸ் போட்டுத்தான் 30க்கு இறக்க வேண்டியிருக்கும். இரண்டு திரவமும் ஒரே சூட்டில் இருப்பதே நோக்கம். வேறுபாடு இருந்தால் ஊசி முனையில் லெசித்தின் கட்டி கட்டும்.

உ) ஸ்டிரர் 700 ஆர்.பி.எம். தாளில் சிறு துளை போட்டு, ஊசி வழியே நீரை நிமிடத்துக்கு 2 மி.லி. வீதம் இறக்குங்கள். பதினைந்து நிமிடம் பிடிக்கும். முதல் சில மி.லி. வரை திரவம் தெளிவாகவே இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் ஊசி விழும் இடத்தில் புகை போல ஒரு வெண்கோடு சுழன்று மறையும். அடுத்த ஒன்றிரண்டு மி.லி.யில் மறையாமல் முழுதும் பால் ஆகும். குமிழிகள் உருவாவது அந்த நேரத்தில்தான். அங்கே வேகத்தைக் கூட்டாதீர்கள். ஒரேயடியாக ஊற்றினால் பெரிதும் சிறிதுமாகக் கலந்து வரும்.

ஊ) நீர் தீர்ந்தபின் ஐந்து நிமிடம் சுற்றவிட்டு மறுபடி நிறுங்கள். 50 கிராமுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் ஏறத்தாழ ஆவியான எத்தனால். அதை ஈடுகட்டிச் சேருங்கள். இந்த ஊர் வெயிலில் மூடாத குடுவையிலிருந்து ஒரு கிராமுக்கு மேல் போவது ஆச்சரியமில்லை. பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கோ பன்சன் பர்னரோ எரியவே கூடாது.

சாறு கூடினால் நல்லது என்று 2 சதவீதம் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. பால் நிறம் மாறித் தெளிந்துவிட்டால் மகிழாதீர்கள். வல்லாரைக் கிளைகோசைடுகள் சோப்பின் குணம் கொண்டவை. அளவு மிஞ்சினால் சுவரைக் கரைத்து மைசெல் (உள்ளே குழி இல்லாத மிகச் சிறு திரள்) ஆக்கிவிடக்கூடும். கையில் இருப்பது அப்போது எத்தோசோமே அல்ல.

7. அளவைச் சிறிதாக்குதல்

புரோப் சோனிகேட்டர் என்றால் பாத்திரத்தை ஐஸில் வைத்து, 5 விநாடி ஓட்டம், 5 விநாடி ஓய்வு என மொத்த ஓட்டம் 3 நிமிடம். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எத்தனால் பறக்கும், லெசித்தின் கெடும். புரோப் முனையிலிருந்து டைட்டானியத் துகள் உதிரும் என்பதால், முடித்தபின் 3000 ஆர்.பி.எம்.மில் 10 நிமிடம் சுற்றி மேல்திரவத்தை மட்டும் எடுங்கள்.

எக்ஸ்ட்ரூடர் இருந்தால் அதுவே மேல். 400 நானோமீட்டர் பாலிகார்பனேட் சவ்வு, பிறகு 200, பிறகு 100. கடைசிச் சவ்வில் 11 முறை தள்ளுங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். அப்போதுதான் முடிந்த பொருள் தொடங்கிய சிரிஞ்சுக்கு எதிர்ப்பக்கத்தில் சேரும், சவ்வைத் தாண்டாத பெரிய குமிழி ஒன்றும் அதில் கலக்காது. பாத் சோனிகேட்டர் மட்டும்தான் இருக்கிறது என்றால் 15 நிமிடம் வையுங்கள். 200க்குக் கீழே வருவது சிரமம்; வந்த எண்ணை வந்தபடி எழுதுங்கள்.

டெஸ்ட் டியூபில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் நீலச்சாயல், ஊடுருவி வரும் வெளிச்சத்தில் செம்மஞ்சள் என்றால் குமிழி சிறிது. சுண்ணாம்புத் தண்ணீர் போல வெறும் வெள்ளை என்றால் இன்னும் பெரிது.

பிறகு ஒரு ராத்திரி 4 டிகிரியில் ஓய்வு. அதற்குப் பின், ஒளிச்சிதறலை வைத்துக் குமிழியின் அளவு காட்டும் டி.எல்.எஸ். கருவியில் அளவு பாருங்கள். 100 முதல் 200 நானோமீட்டர், பி.டி.ஐ. (குமிழிகளின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்ற எண்) 0.3க்குக் கீழ் என்பது நல்ல இலக்கு. இங்கே ஒரு மறைகுழி இருக்கிறது. நீர்மத்தின் பாகுத்தன்மையை மென்பொருளில் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். 25 டிகிரியில் நீருக்கு 0.89 சென்டிபாய்ஸ், 30 சதவீத எத்தனால் கலந்த நீருக்கு ஏறத்தாழ 2.2. அமைப்பில் “நீர்” என்றே விட்டுவிட்டால் 130 நானோமீட்டர் குமிழி 300க்கு மேல் காட்டும். தூய நீர் ஊற்றி நீர்க்கச் செய்தாலும் தவறு: குமிழிக்கு வெளியே எத்தனால் குறைந்து சுவர் மாறிவிடும். அதே 30 சதவீத எத்தனால் நீரால் நீர்க்கச் செய்து, சரியான பாகுத்தன்மையைக் கொடுங்கள்.

8. உள்ளே எவ்வளவு இருக்கிறது

மொத்தம், வெளியே இருப்பது, உள்ளே இருப்பது ஆகிய மூன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். மொத்தத்திலிருந்து வெளியே இருப்பதைக் கழித்து, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் உள்ளடக்க சதவீதம். 1 மி.லி.யில் மொத்தம் 1 மில்லிகிராம், வெளியே 0.3 என்றால் 70.

வெளியே இருப்பதைப் பிரிப்பதுதான் சிக்கல். மேசை சென்ட்ரிஃபியூஜில் 10,000 ஆர்.பி.எம். சுற்றிவிட்டு “மேல்திரவம் வெளியே இருப்பது” என்று எடுப்பது பரவலான பழக்கம். 150 நானோமீட்டர் குமிழி அந்த வேகத்தில் ஒழுங்காக அடியில் படியாது. மேல்திரவம் இன்னும் மங்கலாகத்தான் இருக்கும். அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் கிடைத்தால் 1,00,000 ஜி விசையில், 4 டிகிரியில் சுற்றுங்கள். இல்லையென்றால் 100 கிலோடால்டன் சவ்வுள்ள வடிகட்டிக் குழாய் போதும். அதற்கு முன் குமிழி இல்லாத வெறும் சாற்றுக் கரைசலை அதே குழாயில் ஓட்டி, போட்டது முழுதும் கீழே வருகிறதா என்று பாருங்கள். சவ்விலேயே பாதி ஒட்டிக்கொண்டால், அதுவும் “குமிழிக்குள் இருக்கிறது” என்று கணக்கில் ஏறிவிடும்.

உள்ளே இருப்பதை அளக்கக் குமிழியை மெத்தனால் ஊற்றி உடையுங்கள். உள்ளேயும் வெளியேயும் கூட்டினால் மொத்தத்தில் 95 முதல் 105 சதவீதம் வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ தொலைந்திருக்கிறது. தேடாமல் மேலே போகாதீர்கள்.

மஞ்சளில் செய்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. குமிழிக்குள் நுழையாத குர்குமின் நீரில் கரையாது, பொடியாக அடியில் விழும். வேகமாகச் சுற்றினால் குமிழியும் அந்தப் பொடியும் ஒன்றாகப் படிந்து 98 சதவீதம் என்று காட்டும். முதலில் 3000 ஆர்.பி.எம்.மில் 10 நிமிடம் சுற்றிப் பொடியைத் தனியே பிரித்துவிட்டு மேற்கொண்டு செய்யுங்கள்.

9. ஜெல்

எத்தோசோம் தண்ணீர் போல ஓடும், தோலில் நிற்காது. 50 கிராம் எத்தோசோமுக்கு 50 கிராம் ஜெல் தளம் வேண்டும். நீரில் ஊறி ஜெல்லாகும் பொடியான கார்போபால் 940 0.75 கிராமை 33 கிராம் வடிநீரில் தூவி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். கட்டி இல்லாமல் ஆனதும் 15 கிராம் எத்தனால் கலந்து, ட்ரைஎத்தனாலமைனைச் சொட்டுச் சொட்டாக, ஏறத்தாழ 1 கிராம் வரை விட்டு, பி.எச். 6 முதல் 6.5க்குக் கொண்டுவாருங்கள்.

தளத்துக்குள் எத்தனால் எதற்கு என்று கேட்கலாம். வெறும் நீர் ஜெல்லோடு சரிபாதி கலந்தால் உங்கள் 30 சதவீத எத்தனால் 15 ஆகிவிடும். பாடுபட்டுச் செய்த எத்தோசோம் அந்த நிமிடமே எத்தோசோமின் வரம்பை விட்டு வெளியே போகிறது. சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலைப்படுத்துவதும் இவ்வளவு எத்தனாலில் ஒத்துவராது, திரியும்.

எத்தோசோமை ஐந்து பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் கரண்டியால் மடித்து மடித்துச் சேருங்கள். மிக்சி, ஹோமோஜெனைசர் வேண்டாம். காற்று புகும், குமிழியும் சிதையும். கலந்ததும் ஜெல் இளகும். பாஸ்பேட்டும் சாற்றின் உப்புகளும் கார்போபாலைத் தளர்த்துவதே காரணம். பிரிபுனலில் உப்பு போட்டவர்கள் பியூட்டனால் அடுக்கை நீரால் ஒருமுறை கழுவாமல் விட்டிருந்தால் அது இப்போது தெரியும்.

10. தோல் வழிச் சோதனை

வெட்டுக் கடையிலிருந்து வரும் பன்றிக் காதுத் தோல் மனிதத் தோலுக்கு நெருக்கம். ஆட்டுக் காதும் பயன்படுத்துகிறார்கள். கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். பன்றியைக் கொதிநீர் ஊற்றி மயிர் நீக்குவார்கள், ஆட்டுத் தலையைத் தீயில் வாட்டுவார்கள். இரண்டிலும் நமக்கு வேண்டிய அந்த 10 முதல் 20 மைக்ரோமீட்டர் மேலடுக்கே போய்விடும். பிறகு எதைத் தடவினாலும் உள்ளே போகும், எல்லா எண்ணும் அழகாக வரும். வெந்நீரும் தீயும் காட்டாத காதைக் கேட்டு வாங்கி, கத்தரியால் மயிரை ஒட்ட நறுக்குங்கள். சவரம் வேண்டாம். அலுமினியத் தாளில் சுற்றி மைனஸ் 20 டிகிரியில் மூன்று மாதம் வரை வைக்கலாம்.

மேலே மருந்து, கீழே திரவம், நடுவே தோல் என்று பொருத்தும் கண்ணாடிக் கலம் ஃபிரான்ஸ் செல். அதில் தோலின் மேற்புறம் 32 டிகிரி இருக்க வேண்டும். கீழே பி.எச். 7.4 பாஸ்பேட் நீரில் 20 சதவீத எத்தனால் கலந்த திரவம். தோலுக்கடியில் காற்றுக் குமிழி சிக்கினால் அந்த இடத்தில் எதுவும் இறங்காது. செல்லைச் சாய்த்து வெளியேற்றுங்கள். ஒவ்வொரு தோல் துண்டின் மின்தடையையும் எல்.சி.ஆர். மீட்டரால் பார்த்து, மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்ததை ஒதுக்குங்கள். 1, 2, 4, 6, 8, 12, 24 மணி நேரங்களில் 0.5 மி.லி. எடுத்து, அதே அளவு புதுத் திரவம் ஊற்றுங்கள். முன்பு எடுத்த மாதிரிகளில் வெளியேறிய மருந்தை அடுத்தடுத்த கூட்டுத்தொகையில் சேர்க்க மறந்தால், கோடு ஒரு கட்டத்துக்கு மேல் கீழே இறங்கும். தாண்டிய மருந்து திரும்பி வராது. கோடு இறங்கினால் கணக்குதான் தவறு.

ஒப்பீட்டுக்கு நான்கு வேண்டும்: எத்தோசோம்; வெறும் நீரில் அதே அளவு சாறு; 30 சதவீத எத்தனாலும் 5 சதவீதக் கிளைகாலும் கலந்த நீரில் அதே அளவு சாறு; வெற்றுக் குமிழி. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எத்தனால் தனியாகவே தோலை இளக்கும் பொருள். நீர்க் கரைசலைவிட எத்தோசோம் ஐந்து மடங்கு இறக்கியது என்று காட்டிவிட்டு, வெறும் எத்தனால் கரைசல் நாலரை மடங்கு இறக்குமா என்று பார்க்காமல் இருந்தால், அந்த ஐந்து மடங்குக்குக் குமிழியைப் பொறுப்பாக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று விலங்குகளிலிருந்து ஆறு துண்டுகள்.

வல்லாரைக்கு இன்னொன்று. கொலாஜன் உருவாவது தோலின் நடு அடுக்கில். மருந்து அங்கே தங்க வேண்டும். கீழே உள்ள திரவத்துக்கு வந்து சேர்ந்தது பாதிக் கதைதான். 24 மணி நேரம் கழித்து மேற்பரப்பைத் துடைத்து, ஒட்டுநாடாவால் 15 முதல் 20 முறை உரியுங்கள். முதல் நாடாவைத் தள்ளிவிடுங்கள்; அதில் இருப்பது துடைக்காமல் விட்ட மருந்து. மற்ற நாடாக்களை ஒரு குப்பியிலும், மிச்சத் தோலைப் பொடியாக நறுக்கி இன்னொரு குப்பியிலும் மெத்தனாலில் ஊறவைத்து அளங்கள்.

உயிருள்ள விலங்கில் என்றால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, மனிதரில் என்றால் மனித நெறிமுறைக் குழுவின் அனுமதி. “கொஞ்சம் என் கையில் தடவிப் பார்க்கிறேன்” என்பதும் இதில் அடக்கம். எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும்படி செய்த பொருள், எரிச்சலூட்டும் பொருளையும் சேர்த்தே இழுக்கும்.

11. வைத்துப் பார்த்தல்

பழுப்புப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, முடிந்தால் நைட்ரஜன் ஊதி மூடுங்கள். 4 டிகிரியில் ஒரு தொகுதி, 25 டிகிரியில் ஒரு தொகுதி. 0, 15, 30, 60, 90ஆம் நாட்களில் அளவு, உள்ளடக்கம், பி.எச்., எடை நான்கையும் பாருங்கள். எடை குறைந்தால் மூடி வழியே எத்தனால் போகிறது. பி.எச். இறங்கினால் லெசித்தின் உடைந்து கொழுப்பமிலம் வெளியாகிறது. பழைய முறுக்கின் சிக்கு வாடை வந்தால் ஆக்சிஜன் பட்டுவிட்டது. அளவு மட்டும் ஏறி மற்றவை அப்படியே இருந்தால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்கின்றன.

ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அங்கே உறைநிலைக்கு அருகில் போகும். வெளியூர்க் கருவிக்கு அனுப்பும்போது ஐஸ் பேக்குக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு துண்டாவது சுற்றுங்கள். பஸ்ஸில் மதுரை போய்ச் சேர்வதற்குள் வெயிலில் ஒரு தரம், ஐஸ் பட்டு ஒரு தரம் எனச் சூடு மாறிவிட்டால், அங்கே அளப்பது நீங்கள் செய்த குமிழியை அல்ல. கிளம்பும் முன் ஒரு மாதிரியையும், திரும்பி வந்தபின் மிச்சத்தையும் இங்கேயே அளந்து வைத்துக்கொண்டால், வழியில் நடந்தது என்னவென்று சொல்ல முடியும்.